விடுபட்ட வாக்கியம்

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஆறு மாணவர்களையும் பின்னாசனங்களில் நெருக்கி உட்கார வைத்துவிட்டு, தனபாலன் மாஸ்டர் அவர்களைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவுக்கு வளைவு அவர் உடம்பு ஆடியது. குரல் ஆடவில்லை.

"மூண்டு நாள் நிக்கப்போறியள். பாருங்கோ, கேளுங்கோ, மனசில வையுங்கோ. அவையள் ஏதும் கேட்டால் மறுமொழி சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒருத்தரும் அங்கை வாய் திறக்கப்படாது. விளங்குதோ?"

எல்லோரும் தலையாட்டினார்கள். முஹ்ஸின் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே ஆட்டினான். அவனுக்குக் காரணம் இருந்தது.

அது 1928ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், இலங்கையின் மலைநாட்டில். கண்டி ஏரிக்கு மேலே குன்றில் இருந்த சென் ஒஸ்வல்ட்ஸ் கல்லூரியின் பெயரைக் கேட்டாலே தெல்தோட்டை ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே படித்தவர்கள்தான் அரசாங்கக் கச்சேரியிலும் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கதிரைகளில் இருந்தார்கள். அந்தக் கல்லூரி அதிபரின் பின்னால் இரண்டு வருடம் அலைந்து, தன் சிறிய ஆங்கிலப் பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகள் மூன்று நாள் அங்கே வகுப்புகளில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று மாஸ்டர் அனுமதி வாங்கியிருந்தார். அங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்து வந்து, இங்கே முடிந்ததைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

இன்னொரு விஷயத்தை அவர் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லியிருந்தார். அதிபருக்குத் திருப்தி ஏற்பட்டால் வருகிற ஜனவரியிலிருந்து வருடத்துக்கு ஒரு பிள்ளையைப் பள்ளிச் சம்பளம் வாங்காமல் விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த முறை ஒன்று முஹ்ஸின், இல்லாவிட்டால் முத்துலிங்கம்.

இருவரும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து படிப்பவர்கள். முஹ்ஸினுடைய வாப்பா ஸெய்னுலாப்தீனுக்குக் கடைவீதியில் அரிசியும் கருவாடும் சீத்தைத் துணியும் விற்கும் கடை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கொழும்புப் பத்திரிகையில் என்ன வருகிறது என்று தெரியாமல் இருக்க முடியாது. ஆகவே பத்து வயதிலிருந்தே முஹ்ஸின் மாலையில் கடை வாசலில் நின்று, ஆங்கிலத்தில் ஒரு வரி படித்து உடனே தமிழில் ஒரு வரி சொல்லுவான். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து கேட்பார்கள். சட்டசபை விவகாரமெல்லாம் அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

முத்துலிங்கம் மேமலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா இராமையா தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மா அங்கம்மா கொழுந்தெடுப்பவள். கணக்கில் அவனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. ஆங்கிலம் வாசித்தால் விளங்கும். பேசப் போனால் வாயில் கல் வைத்ததுபோல் ஆகிவிடும். தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலப் பாடசாலைக்கு வருவதற்குத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் அனுமதி வேண்டும். தனபாலன் மாஸ்டர் பங்களாவுக்குப் போய் நின்று அதை வாங்கியிருந்தார். பாடசாலை இருந்த நிலமும் மேமலைத் தோட்டத்துக்குச் சொந்தமானதுதான்.

பஸ் கலஹாவைத் தாண்டும்போது முத்துலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னான். "நீதான் போவ. எனக்குத் தெரியும்." அதில் பொறாமை இருந்ததா இல்லையா என்று முஹ்ஸினால் கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லை, உனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்ல மனம் வரவில்லை.

கல்லூரியில் அவர்களை இரண்டிரண்டு பேராக ஒரு மாணவனோடு சேர்த்துவிட்டார்கள். முஹ்ஸினுக்கும் முத்துலிங்கத்துக்கும் கிடைத்தவன் ஹெக்டர் விஜேகோன். கண்டிக் கோர்ட்டில் வழக்காடிப் பெயர்பெற்ற ஒரு புரொக்டரின் மகன். மாணவர் தலைவர்களில் ஒருவன். பெருமையடிக்கும் ஆளாக இருப்பான் என்று முஹ்ஸின் பயந்திருந்தான். அப்படி ஒன்றும் இல்லை. நூலகத்தில் அலுமாரிகளைத் திறந்து காட்டி, எதை வேண்டுமானாலும் எடுத்துப் படியுங்கள், யாரையும் கேட்கத் தேவையில்லை என்றான். விடுதிச் சாப்பாட்டில் ஹலாலோ என்று தெரியாமல் முஹ்ஸின் இறைச்சியைத் தொடாமல் இருந்ததைக் கண்டு, தானே சமையற்கட்டுக்குப் போய் முட்டையும் பாண் ரொட்டியும் வாங்கி வந்தான். முத்துலிங்கம் ஆங்கிலத்தில் தடுமாறும்போது சிரிக்காமல் காத்திருந்தான்.

விஞ்ஞான அறையில் மாணவர்களே சுடரைக் கொளுத்தி, கண்ணாடிக் குழாயைப் பிடித்து, நிறம் மாறுவதைப் பார்த்து எழுதினார்கள். தெல்தோட்டையில் அது புத்தகத்தில் படமாக மட்டும் இருந்த விஷயம். ஆனால் முத்துலிங்கத்தை உலுக்கியது வேறொன்று. இரண்டாம் நாள் கேத்திரகணித வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நிறுவலைப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பையன் ஒருவன் கையை உயர்த்தி, நாலாவது வரி பிழை என்றான். வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. ஆசிரியர் திரும்பிப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, சிரித்துவிட்டு அதை அழித்தார். அவ்வளவுதான். வகுப்பு தொடர்ந்து நடந்தது.

அன்று மாலை தனபாலன் மாஸ்டர் எல்லோரையும் ஏரிக்கரைச் சுவரோரம் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் படித்தது என்னவென்று கேட்டார். ஒருவன் விஞ்ஞான அறை என்றான். ஒருவன் நூலகம் என்றான். முஹ்ஸின் அங்கே பிள்ளைகள் தாங்களாகவே கடமைகளைப் பகிர்ந்து செய்வதைப் பற்றி ஒழுங்காக நாலு வசனம் சொன்னான். முத்துலிங்கத்தின் முறை வந்தபோது, "பிழைன்னு சொன்னதுக்கு அவனுக்கு அடி விழல, சார்" என்றான். அதை மனதில் வைத்துக்கொள், ஆனால் இடம் பார்த்து வைத்துக்கொள் என்று மட்டும் மாஸ்டர் சொன்னார்.

சனிக்கிழமை விவாதம். மூன்றாம் நாளின் பெரிய நிகழ்ச்சி அதுதான். இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை கொடுக்கக் கூடாது என்பது பொருள். நாடு முழுக்க அப்போது அந்தப் பேச்சுத்தான். லண்டனிலிருந்து வந்த ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குக் கொடு என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. பொருளை ஆதரித்துப் பேசப்போகிறவன் தானே என்று ஹெக்டர் முதல்நாளே சொல்லியிருந்தான். சொல்லும்போது முத்துலிங்கத்தை ஒரு தரம் பார்த்து, இது விவாதம்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னான்.

மண்டபம் நிறைந்திருந்தது. தெல்தோட்டைப் பிள்ளைகள் பக்கவாட்டில் ஒரு வாங்கில் உட்கார்ந்தார்கள். அதிபர் மேடையேறி, இன்றைய தலைவர் கல்லூரி நிர்வாக சபை உறுப்பினரும் மேமலைத் தோட்டத் துரையுமான நமது நண்பர் என்று அறிமுகப்படுத்தினார். உயரமான, நரைத்த மனிதர் ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்து தலைமைக் கதிரைக்குப் போனார்.

"எங்க துரை" என்று முத்துலிங்கம் முஹ்ஸினின் காதில் சொன்னான். மாஸ்டரின் முகம் வெளிறிப்போயிருந்தது. துரை வருவார் என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஹெக்டர் நன்றாகப் பேசினான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தோட்டத் தொழிலாளி இன்று இங்கே, நாளை இந்தியாவில். அவனுக்கு இந்த நாட்டின் நன்மை தீமை தெரியாது. எழுத்து வாசனை இல்லாதவன், தன்னை வேலை வாங்கும் கங்காணி விரல் நீட்டும் இடத்தில் வாக்குச்சீட்டில் புள்ளடி போடுவான். ஆகவே ஆயிரம் வாக்கு என்பது உண்மையில் ஒரு கங்காணியின் வாக்குத்தான் என்றான். கைதட்டல் எழுந்தது. எதிர்த்துப் பேச வந்தவன் கருணை, தர்மம் என்று ஏதோ சொல்லி, நடுவில் ஒரு வேடிக்கையும் சொல்லி உட்கார்ந்துவிட்டான். அவன் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒரு லயத்தைத் தூரத்திலிருந்துகூடப் பார்த்திருக்க மாட்டான் என்று முஹ்ஸினுக்குப் பட்டது.

துரை மணியைத் தட்டி, இனி சபையில் இருக்கும் யாரும் பேசலாம் என்றார்.

முத்துலிங்கம் எழுந்தான்.

மாஸ்டர் அவன் சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்தார். சட்டை இழுபட்டது, அவன் உட்காரவில்லை. துரையின் கண் அவன்மேல் விழுந்து, யார் என்று தேடி, கண்டுகொண்டு, அங்கேயே நின்றது.

சேர், என் தகப்பனார், என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். அடுத்த சொல் வரவில்லை. இன்னொரு தரம் தொடங்கினான். பின்வரிசைகளில் யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது, ஆனால் கால் அசையவில்லை. அப்போது அதிபர் எழுந்து, நமது விருந்தாளி தன் மொழியிலேயே பேசட்டும், யாராவது மொழிபெயர்ப்பீர்களா என்று மண்டபத்தைக் கேட்டார். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

முஹ்ஸினுக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. எழுந்தால் ஜனவரியில் கிடைக்கவேண்டிய இடம் போய்விடலாம். எழாவிட்டால் முத்துலிங்கம் இந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார வேண்டியிருக்கும். அதோடு அந்த இடம் நிச்சயமாகத் தனக்குத்தான். அந்தக் கடைசி நினைப்பு வந்த வேகம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்துவிட்டான்.

"நான் மேமலைத் தோட்டத்துப் பையன்" என்றான் முத்துலிங்கம். தமிழில் அவன் குரல் வேறாக இருந்தது. "எங்கப்பா ஃபேக்டரியில வேல செய்றாரு. எங்கம்மா கொழுந்து எடுக்குறாங்க. அம்மா பொறந்ததும் அதே லயத்துலதான்."

முஹ்ஸின் அதை ஆங்கிலத்தில் சொன்னான். கடை வாசலில் தலைகீழாகச் செய்து பழகிய வேலை. சொற்கள் தானாக வந்தன.

"இப்பப் பேசினவரு, எங்காளுங்க கங்காணி காட்டுற எடத்துலதான் புள்ளடி போடுவாங்கன்னு சொன்னாரு. அது நெசந்தான்."

இதைக் கேட்டதும் ஹெக்டர் பக்கத்தில் கைதட்டினார்கள். முத்துலிங்கம் தட்டி முடியும் வரை நின்றான்.

"ஏன்னு அவரு சொல்லல. புத்தி இல்லாம இல்ல. போடலன்னா மறுநா வேல இருக்காது. வேல இல்லாட்டி லயத்துல எடம் இருக்காது. போன வைகாசியில எங்கப்பா துரையப் போய்ப் பாத்தாரு. லயத்துப் புள்ளைங்களப் பத்து வயசுலயே வேலைக்குப் பேர் பதியாதீங்க, பள்ளிக்கூடம் போகட்டும்னு கேட்டாரு. அடுத்த வாரம் நாங்க இருக்குற காம்பராவுக்கு மேல இருந்த கூரத் தகரத்தக் கழட்டிட்டாங்க. பழுது பாக்கன்னு சொன்னாங்க. மழ பேஞ்சிச்சு. ஒரு மாசத்துக்குத் தகரம் வரல. தங்கச்சி காய்ச்சல்ல கெடந்து பொழச்சது பெரிய காரியம்."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "கழட்டச் சொன்ன துரை இந்த மண்டபத்துலதான் ஒக்காந்திருக்காரு."

முஹ்ஸின் ஒவ்வொன்றாகச் சொன்னான். வேலை, லயம், இராமையா போய்க் கேட்டது, தகரம், மழை, தங்கச்சி. அவன் கண்ணால் பார்த்தது அது. வாப்பாவின் அரிசி வண்டியோடு மேமலைக்குப் போன அன்று, கூரையில்லாத அந்தக் காம்பராவில் அங்கம்மா சாக்கைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அதனால் அந்த இடத்தில் அவன் ஆங்கிலம் நன்றாகவே வந்தது.

கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது நிறுத்திவிட்டான்.

நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்து நிறுத்தவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது. இது இராமையா மாமாவின் தலைக்கு வரும், பாடசாலை நிலத்துக்கு வரும், எல்லோருக்கும் நல்லதுதான் என்று உடனே மனம் காரணங்களை எடுத்து வைத்தது. தலைமைக் கதிரையைப் பார்த்தான்.

துரையின் முகத்தைக் கண்டதும்தான் அவனுக்கு நினைவு வந்தது. துரைக்குத் தமிழ் தெரியும். இருபது வருடம் தோட்டத்தில் தமிழில் உத்தரவு போட்டவர் அவர். முத்துலிங்கம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் நேராகவே கேட்டிருந்தார். விடுபட்டதையும் கேட்டிருந்தார். இப்போது முஹ்ஸினைப் பார்த்து மெல்ல, வேறு யாருக்கும் தெரியாத அளவில், தலையை அசைத்தார். கெட்டிக்காரப் பையன் என்று சொல்வதுபோல் இருந்தது அந்த அசைவு.

அவன் மறைத்ததால் இராமையாவுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. காப்பாற்றியது துரையை மட்டும்தான்.

முத்துலிங்கம் மேலே பேசாமல் காத்திருந்தான். அவனுக்கும் ஆங்கிலம் கேட்டால் விளங்கும். "நீ ஒண்ண விட்டுட்ட, முஹ்ஸின்" என்றான், கோபமில்லாமல். "அதையும் சொல்லு."

முஹ்ஸின் சொன்னான். கூரையைக் கழற்றும்படி உத்தரவிட்ட கனவான் இப்போது இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் அது ஒரு சின்ன வாக்கியம்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருவன் மேடையைப் பார்த்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். மேமலை என்ற பெயர் இரண்டு தரம் காதில் விழுந்தது எல்லோருக்கும் நினைவு வந்தது. துரை மணியின்மேல் கையை வைத்து, நேரம் முடிந்தது என்றார். அதிபர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, பேச்சாளர் முடிக்கட்டும் என்றார். அவர் முகமும் இறுகியிருந்தது.

"வாக்கு வேணாம்னு சொல்றதுக்கு முந்தி அந்தப் பயத்த எடுத்துட்டுப் பாருங்க" என்றான் முத்துலிங்கம். "அதுக்கப்புறமும் கங்காணி காட்டுற எடத்துலயே போட்டா, அப்பச் சொல்லுங்க." அதையும் முஹ்ஸின் சொல்லி முடித்தான். இருவரும் உட்கார்ந்தார்கள்.

வாக்கெடுப்பில் ஹெக்டரின் பக்கம் வென்றது. ஆனால் எதிர்ப்பக்கம் உயர்ந்த கைகளை எண்ணியவன் இரண்டு தரம் எண்ண வேண்டியிருந்தது. துரை முடிவைச் சொல்லி, எல்லோருக்கும் நன்றி கூறி, தொப்பியை எடுத்துக்கொண்டு தெல்தோட்டை வாங்கைத் திரும்பிப் பாராமல் போனார்.

தாழ்வாரத்தில் மாஸ்டர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்கப் போகிறார் என்று முஹ்ஸின் நினைத்தான். "நீங்கள் சொன்னதில பிழை இல்லை" என்றார். "ஆனா அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தை நான் எத்தினை பேரின்ரை வாசலிலை நிண்டு கட்டினனான் எண்டு உங்களுக்குத் தெரியாது." பிறகு பயணப் பெட்டிகளைக் கட்டச் சொன்னார்.

புறப்படும் முன் ஹெக்டர் வந்தான். முத்துலிங்கத்திடம் கை நீட்டினான். அவன் கொஞ்சம் தயங்கிக் கை கொடுத்தான். கூரை விஷயம் உண்மையா என்று ஹெக்டர் முஹ்ஸினிடம் தனியாகக் கேட்டான். நானே பார்த்தேன் என்றான் முஹ்ஸின். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் பேசுவதைத்தான் மேடையில் சொன்னதாகவும், மற்றப்படி தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் ஹெக்டர் சொன்னான். தன் கருத்து மாறிவிட்டதாக அவன் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பெரிய வேதனையாக இருந்தது. முஹ்ஸின் தினமும் காலையில் பாடசாலைப் படியில் நின்று, முத்துலிங்கம் மேமலைக் குறுக்குப் பாதையில் இறங்கி வருவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போவான். ஐந்தாம் நாள் முத்துலிங்கம் வரவில்லை. இராமையாவுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை, சாமான்களோடு வெளியே போ.

சனிக்கிழமை மதியம் தலைமைக் கங்காணியின் ஆள் கடைக்கு வந்தான். இராமையா குடும்பத்துக்குக் கடைவீதியில் யாரும் இடம் கொடுப்பதைத் துரை விரும்பவில்லை என்று, வெற்றிலை வாங்க வந்தவன்போலச் சொல்லிவிட்டுப் போனான். ஸெய்னுலாப்தீனின் வியாபாரத்தில் பாதி மேமலைத் தோட்டத்தாருடையது. அவர் தராசைத் துடைத்தார்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. இராமையாவும் அங்கம்மாவும் முத்துலிங்கமும் தங்கச்சியும் சட்டி பானைகளோடு பஸ் நிற்கும் இடத்தில் வந்து நின்றார்கள். புசல்லாவையில் அங்கம்மாவின் அண்ணன் வேலை செய்யும் தோட்டத்துக்குப் போவதாக இருந்தார்கள். கடைசி பஸ் போய்விட்டிருந்தது. கடைவீதியில் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் வேறு பக்கமும் பார்த்தார்கள்.

முஹ்ஸின் வாப்பாவின் முன்னால் போய் நின்றான். கண்டியில் அத்தனை பேருக்கு முன்னால் வந்த வாய் இங்கே வரவில்லை. வாப்பா மழையைப் பார்த்தார், எதிர்க்கடையைப் பார்த்தார், அந்தச் சின்னப் பெண் நனைவதையும் பார்த்தார்.

"பின்னால கிட்டங்கியத் தொற" என்றார். "அரிசி மூட்டையெல்லாம் ஒரு பக்கமா அடுக்கு. கங்காணிட ஆள் வந்தா என்னட்ட வரச் சொல்லு, நீ வாய் குடுக்காத."

உம்மா கைரியா தேத்தண்ணீரும் சுடுசோறும் அனுப்பினாள். கிட்டங்கியில் அரிசி வாசனைக்கு நடுவே அவர்கள் உட்கார்ந்திருந்தபோது, இராமையாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முஹ்ஸினுக்குத் துணிவு வரவில்லை. அவர் மகனைத் திட்டினாரா, அடித்தாரா என்று தெரியவில்லை. அங்கம்மா மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இராமையா சாப்பிட்டுக் கை கழுவி வந்து முஹ்ஸினைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதான் அத இங்கிலீசுல சொன்னீங்களாம். எப்படிச் சொன்னீங்க? சொல்லுங்க கேப்போம்."

முஹ்ஸின் மெல்லிய குரலில் சொன்னான். தகரம், மழை, ஒரு மாசம், கடைசியில் அந்தச் சின்ன வாக்கியம். இராமையாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. பூசையில் மந்திரம் கேட்பவர்போல அசையாமல் கேட்டார். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றார். பிறகு, "தகரத்தத் திருப்பிக் கேக்கப் பங்களாவுல போய் நின்னப்ப நான் இதச் சொல்லத்தான் நெனச்சேன். நாக்கு எழும்பல" என்றார். அங்கம்மா முதன்முறையாகத் தலை நிமிர்ந்து, நாக்கு எழும்பாததால்தான் தகரம் திரும்பி வந்து இத்தனை நாள் கூரையாவது இருந்தது என்றாள். அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது.

மாலை மங்குமுன் தனபாலன் மாஸ்டர் குடையோடு வந்தார். கல்லூரியிலிருந்து செய்தி வந்துவிட்டது. அதிபர் இருவரையும் எடுக்கவேண்டும் என்று நின்றாராம். நிர்வாக சபை விடவில்லையாம். முஹ்ஸினுக்கு இடம் உண்டு. முத்துலிங்கத்துக்கு இல்லை. பாடசாலை விளையாட்டு நிலத்தைத் தோட்டம் திருப்பிக் கேட்டிருந்தது. கட்டடத்தை இன்னும் தொடவில்லை.

அதைச் சொன்னவன் நானும்தானே, என்னை மட்டும் ஏன் எடுக்கிறார்கள் என்று முஹ்ஸின் கேட்டான்.

"நீ மொழிபெயர்த்தனீ" என்றார் மாஸ்டர். "அவன் சொன்னவன்."

அப்படியானால் தனக்கு அந்த இடம் வேண்டாம் என்றான் முஹ்ஸின். மாஸ்டர் வாதாடவில்லை. நாளை வரைக்கும் யோசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கம்பளைக்குப் போய் அங்கிருந்து புசல்லாவை பஸ் பிடிக்க வேண்டும். சாமான்களை ஏற்றிவிட்டு முத்துலிங்கமும் முஹ்ஸினும் பஸ்ஸின் பின்புறம் நின்றார்கள். நான் கண்டிக்குப் போகப் போவதில்லை என்று முஹ்ஸின் சொன்னதும் முத்துலிங்கம் அவனைச் சட்டைப் பிடியாகப் பிடித்தான். அவ்வளவு கோபத்தில் அவனை முஹ்ஸின் பார்த்ததில்லை.

"நீ போகாட்டி அவங்களுக்கு லேசாப் போயிரும். தெல்தோட்டப் புள்ளைங்க சரிவராதுன்னு கதவச் சாத்திருவாங்க. அடுத்த வருசம் போக வேண்டியவனுக்கு என்ன சொல்லுவ? எனக்காக விட்டேன்னு சொல்லுவியா? எனக்கு அது வேணாம்."

"ஒன்னட எடத்துல நான் போய்..."

"அது என் எடம் இல்ல. பஸ்ஸுலயே சொன்னேன்ல." கையை விட்டுச் சட்டையைச் சரி செய்துவிட்டான். "நீ அன்னைக்கு ஒண்ண விட்டுட்டுத்தான் பொறகு சொன்ன. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா சொன்ன."

முத்துலிங்கம் ஏறிக்கொண்டான். பஸ் புறப்பட்டது. இராமையா உள்ளிருந்து ஒரு தரம் கையசைத்தார். அங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே மாஸ்டரிடம் போய், கண்டியில் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் நெடுநாள் சேர்ந்தே இருந்தன.

கடையில் மேமலை ஆட்கள் ஆறேழு வாரம் சாமான் வாங்கவில்லை. பிறகு வேறு கிட்டிய கடை இல்லாததால் ஒவ்வொருவராக வந்தார்கள். முத்துலிங்கம் புசல்லாவையில் தமிழ்ப் பாடசாலையில் சேர்ந்தான். அங்கே ஆங்கிலம் இல்லை. பத்திரிகைத் துண்டுகளை முஹ்ஸின் அனுப்ப, அவன் படித்து, சந்தேகம் கேட்டு எழுதுவான். கல்லூரியில் ஹெக்டரும் முஹ்ஸினும் பக்கத்து மேசைகளில் படித்தார்கள். வாக்குரிமையைப் பற்றி வாரத்துக்கு ஒரு தரமாவது சண்டை பிடித்தார்கள். அடுத்த ஒக்டோபரில் மாஸ்டர் இன்னொரு ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்கு விஞ்ஞான அறையைத் திறந்து காட்டியவன் முஹ்ஸின்தான்.

அந்த வருட முடிவில் பரிசளிப்பு. ஆங்கிலக் கட்டுரைக்கு முஹ்ஸினுக்குப் பரிசு. பரிசு கொடுக்க மேடையில் நின்றவர் மேமலைத் துரை. பெயரைக் கூப்பிட்டதும் அவன் படியேறினான். துரை புத்தகத்தை நீட்டினார். அவன் பிடித்தான், அவர் விடவில்லை. குனிந்து, மண்டபத்துக்குக் கேட்காத குரலில், தோட்டத் தமிழில் கேட்டார்.

"இராமையா இப்ப எந்தத் தோட்டத்துல?"

எதற்காகக் கேட்கிறார் என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. பச்சாத்தாபமாக இருக்கலாம். அங்கும் கை நீட்டுவதற்காக இருக்கலாம். கீழே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இரிக்காரு, சேர்" என்றான் முஹ்ஸின், தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல்.

துரை புத்தகத்தை விட்டுவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.